சிங்கப்பூர் தீம் பார்க் பயணம்: 18-55 காணுமா, இன்னொரு லென்ஸ் வாங்கவா?

ரெயில்பாதை வீடு, வெள்ளவத்தை
ஜூலை 6

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் ஸ்கூல் லீவுக்குக் குடும்பமாச் சிங்கப்பூர் போறம். அஞ்சு நாள். அதில ஒரு முழு நாள் செந்தோசாவில இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ். நான், இவர், மகன் (9 வயசு), மகள் (4 வயசு), மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம், கன தூரம் நடக்கமாட்டா.

கமரா கெனன் 200டி மார்க் 2. கனடாவில இருக்கிற தம்பி புதுசு வாங்கின கையோட இதை என்னட்டத் தள்ளிவிட்டவன். கூட வந்த 18-55 லென்ஸ் (எம்எம் கணக்கு, நம்பர் கூடக் கூடத் தூரத்தில இருக்கிறது கிட்டத் தெரியும்) ஒண்டுதான் இருக்கு. இவ்வளவு நாளும் அதோடதான் சமாளிச்சுக்கொண்டு வாறன்.

இப்ப ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுகினம். இவற்ற மச்சான் 70-300 இல்லாமல் போகவே வேண்டாம், ரோலர் கோஸ்டரில பிள்ளையின்ர முகம் தெரியாது எண்டுறார். ஒரு கடையில போய்க் கேட்டன். அங்க நிண்ட பொடியன் 18-400 ஒண்டைக் கமராவில மாட்டி, ரோட்டுக்கு அங்கால கட்டிடத்தில காயப்போட்டிருந்த சாரத்தின்ர கரையைக் காட்டினான். "அக்கா, இது ஒண்டு காணும், வாழ்நாளுக்கு வேற லென்ஸ் வேண்டாம்" எண்டான். சாரம் நல்லாத்தான் தெரிஞ்சது. ஆனா கழுத்தில தொங்கவிட்டுப் பாத்தா கமரா குப்புற விழுந்து நெஞ்சில இடிக்குது. யூடியூபில பாக்கிற ஆக்கள் எல்லாரும் 10-18 வைட், அகலமாப் பிடிக்கிற லென்ஸ் எண்டுகினம்.

என்ர உண்மையான கவலை வேறை. போன டிசம்பர் ஸ்கூல் கொன்சர்ட்டில மகன் ராசா வேஷம். கிரீடம் வைக்கக் காலமை நாலு மணிக்கு எழும்பினம். நான் எடுத்த 60 படத்தில ஒண்டிலயும் அவன்ர முகம் தெளிவில்லை. எல்லாம் ஆவி மாதிரி. அங்கயும் உள்ளுக்குள்ள நடக்கிற ஷோ, இருட்டின பிறகு லைட் எல்லாம் இருக்கும்தானே. அதுக்கு எந்த லென்ஸ்?

ஒரு லென்ஸ்தான் வாங்கலாம். ரெண்டு எண்டா இவர் கமராவையே கொண்டுபோக விடமாட்டார். இஞ்ச வாங்கவா, அங்க போய் வாங்கவா எண்டும் சொல்லுங்கோ.

பிளேன்டீ
ஜூலை 6

அக்கா, ஃபோன். முடிஞ்சது.

தெமட்டகொட ஷட்டர்
ஜூலை 6

பிளேன்டீ மச்சான் எல்லாக் கேள்விக்கும் இதே பதில்தான் சொல்லிய.

நான் புள்ளைகளோட ரெண்டு தரம் அங்க போய் ஈக்கி. ரெண்டு தரமும் ஒரே லென்ஸ், 18-135. கழட்டவே இல்ல. 515 கிராம், பாரம் பெரிசா தெரியாது. பக்கத்துல ஈக்கிற புள்ளையையும் எடுக்க ஏலும், மேல போற ரோலர் கோஸ்டரையும் எடுக்க ஏலும். சிவப்பும் நீலமுமா ரெண்டு பாதை ஒண்டுக்கொண்டு பின்னிக்கொண்டு ஈக்கும், சிவப்புல உக்காந்து போறது, நீலத்துல கால் தொங்கப் போறது. கீழ நிண்டு 135ல எடுத்தா பெட்டி முழுக்க வரும். ஆனா யார்ட புள்ளை கத்திய என்று விளங்காது. 400 போட்டாலும் விளங்காது. எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாயத் தொறக்கிற.

கடைக்காரப் பொடியன் சொன்ன 18-400 வேணாம். 700 கிராமுக்கு மேல. உங்கட கமராப் பொடி, லென்ஸ் இல்லாம, 450 கிராம்தான். தலையை விடத் தலைப்பா பாரம் என்றா எப்படி?

உள்ளுக்குள்ள இருட்டு ரைட்ல படம் எடுக்கிற யோசனையை விடுங்க. ஃப்ளாஷ் அடிக்கவும் கூடாது, அடிச்சா முன்னுக்கு ஈக்கிறவன்ட மண்டைதான் வெள்ளையா வரும்.

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஜூலை 7

தங்கச்சி, லென்ஸ் வாங்க இன்னும் போகாதீங்க. முதல்ல வீட்டுல உக்காந்து ஒரு வேலை செய்யுங்க. இதுவரைக்கும் இந்தக் கமராவுல எடுத்த படங்கள்ல உங்களுக்குப் பிடிச்சதா ஒரு இருநூறு எடுங்க. ஒவ்வொண்டுலயும் விவரத்தத் தொறந்தா எத்தன எம்எம்ல எடுத்தது, எந்த எஃப் (லென்ஸ் வாய் எவ்வளவு தொறந்தது, நம்பர் குறைஞ்சா வெளிச்சம் கூட), எந்த ஷட்டர் (எவ்வளவு நேரம் தொறந்திருந்தது) என்று எல்லாம் எழுதியிருக்கும். ஒரு கொப்பித் தாள்ல 18 எத்தன, 55 எத்தன, நடுவுல எத்தன என்று கோடு போட்டு எண்ணுங்க. 55ல முட்டிக்கிட்டு நிக்கிற படம் கூட இருந்தா உங்களுக்கு நீட்டு லென்ஸ் தேவை. 18ல முட்டிக்கிட்டு நின்னா வைட் தேவை. மச்சானும் கடைக்காரனும் யூடியூப்காரனும் அவங்கவங்க கண்ணால பாக்கிறாங்க. உங்க கண்ணு எங்க நிக்குது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

இப்ப என் கதை. 1991ல இருந்து கல்யாண வீடு எடுத்தவன் நான். ஜிந்துப்பிட்டி கோயில்ல தாலி கட்டுற நேரம், ஓமப் புகைக்குள்ள, நாலு மாமன்மார் தோளுக்கு நடுவுல கைய விட்டு எடுத்துப் பழக்கம். இப்ப ஸ்டூடியோ இல்ல, மூடியாச்சு. 2017ல மகள் அஞ்சாம் வகுப்பு எழுதி முடிச்ச கையோட சிங்கப்பூர் கூட்டிட்டுப் போனேன். நான் யாரு, தொழில்காரன் இல்லையா? ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சர் கமராப் பொடி 950 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1490 கிராம். கூட்டிப் பாருங்க, மூணே கால் கிலோ. அதுக்கு மேல ஃப்ளாஷ், பெட்டரி, தண்ணிப் போத்தல், வைஃப் "இதையும் வைங்க" என்று வச்ச பிஸ்கட்.

சாமான் பாரம் என்று மட்டும் நினைச்சிராதீங்க. முதுகு வலி ரெண்டு நாள்ல போயிரும். பெரிய ரைட் ஒண்டுலயும் பையோட ஏற விடமாட்டாங்க, லொக்கர்ல வைக்கணும். எனக்கு மனசு வரல்ல. அந்தப் பைக்குள்ள இருந்தது என் பொழப்பு. ஒவ்வொரு ரைட்டுக்கும் "நீங்க போயிட்டு வாங்க, நான் பைய பாத்துக்கிறேன்" என்று சொல்லி வெளிய பெஞ்சுல உக்காந்தேன். ஊருக்கு வந்த பிறகு மகளுக்கு ஸ்கூல்ல கட்டுரை, நான் சென்ற சுற்றுலா. அதுல ஒரு வரி: "நாங்கள் எல்லாரும் ரைடில் ஏறினோம். அப்பா பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்." டீச்சர் சிவப்புப் பேனையால நன்று என்று எழுதிச் சரி போட்டிருந்தாங்க.

படம் எத்தன? எழுநூறு. அதுல 70-200ல எடுத்தது 31. அந்த 31ல 22 ரோலர் கோஸ்டர், மிச்சம் ஒரு மைனா. ஒண்டரைக் கிலோவ ஒரு மைனாவுக்காகச் செந்தோசா வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கேன். மைனாவ கொட்டாஞ்சேனைச் சந்தியிலயே எடுக்கலாம்.

அதனால எந்த லென்ஸ் வாங்குறது என்ற கேள்விக்கு முன்னுக்கு இன்னொரு கேள்வி இருக்கு. இதைப் பயமில்லாம லொக்கர்ல போட்டுட்டு மகனோட ரைட்டுல ஏற ஏலுமா? உங்க 200டியும் 18-55ம் சேர்ந்தே 670 கிராம் வராது. இது நல்ல ஜோடி. பகல் முழுக்க இதுவே காணும். சிங்கப்பூர் வெயில்ல எஃப் 5.6 என்ன, எஃப் 8லயும் வெளிச்சம் மிஞ்சும்.

மிஞ்சாத இடம் உங்க கொன்சர்ட் மாதிரி இடம். அங்க என்ன நடந்தது தெரியுமா? மகன் மேடையில தூரத்துல, நீங்க 55க்கு இழுத்திருப்பீங்க. 55ல அந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல தொறக்காது. வெளிச்சம் காணாம ஷட்டர் மெதுவா விழுந்திருக்கும், ராசா கைய ஆட்டியிருப்பார், ஆவி வந்திருக்கும். லென்ஸ்ல ஐஎஸ், அந்த ஆட்டம் தடுக்கிற வசதி, இருக்கே என்று கேப்பீங்க. அது உங்க கை நடுக்கத்தத்தான் நிப்பாட்டும், ராசாவ நிப்பாட்டாது.

இதுக்கு மருந்து 50 எஃப் 1.8 எஸ்டிஎம். 160 கிராம், சம்பல் போத்தல் மூடி அளவு. 5.6க்கும் 1.8க்கும் நடுவுல வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. அங்க 1/25 ஷட்டர் விழுந்த இடத்துல இங்க 1/250 கிடைக்கும். ஆவி மனுசனாயிரும்.

ஆனா 50ல ஒரு தொல்லை இருக்கு, இப்பவே சொல்லிடுறேன். உங்க கமரா சென்சர் சின்னது, 1.6ஆல பெருக்கணும், 50 வந்து 80 மாதிரி வேலை செய்யும். ஒரு மீற்றர்ல நிக்கிற பிள்ளையப் பாத்தா முகமும் தோளும் மட்டுந்தான். நாலு வயசுப் பிள்ளைய தலையில இருந்து செருப்பு வரைக்கும் எடுக்க ரெண்டரை மீற்றர் பின்னால போகணும். குடும்பத்த வரிசையா நிக்க வச்சா ஆறு மீற்றர். அந்தக் கூட்டத்துல ஆறு மீற்றர் பின்னால போனீங்க என்றா நடுவுல நாலு நாட்டு ஆக்கள் வந்து நிப்பாங்க. அதனால 50ஐ எடுத்துட்டுப் போங்க, 18-55ஐ வீட்டுல வச்சிட்டுப் போகாதீங்க.

10-18 பத்தி. அழகான லென்ஸ், 240 கிராம், எனக்குப் பிடிக்கும். வீடு விக்கிறவங்களுக்கும் கோயில் மண்டபம் எடுக்கிறவங்களுக்கும் நல்லது. தீம் பார்க்ல கோட்டை முழுசா வரும், கோட்டைக்கு முன்னுக்கு நிக்கிற முன்னூறு பேரும் முழுசா வருவாங்க. ஓரத்துல நிக்கிற ஆளோட முகம் பலாக்காய் மாதிரி இழுபடும், ஓரத்துல நிக்கிறது எப்பவும் மாமிதான். வீட்டுல சமாதானம் வேணும் என்றா வேணாம்.

18லயே கோட்டை பெருசா வரணும் என்றா வழி இருக்கு. நீங்க முழங்கால் போட்டு மகளோட உயரத்துக்கு இறங்குங்க, கமராவ நிமித்திப் பிடிங்க. பிள்ளை பெருசாவும் பின்னால கோட்டை வானத்துக்கும் போகும், சுத்தி நிக்கிற ஆக்கள் பாதி மறைஞ்சிருவாங்க. இது ஓசி.

தெமட்டகொடத் தம்பி சொன்ன 18-135ஐ நான் குறை சொல்லமாட்டேன். கழட்டாம ஒண்டோட போறது புத்திதான். ஆனா தங்கச்சி கேட்டது இருட்டு. இருட்டுல அது 18-55க்கு அண்ணன் இல்ல.

தெமட்டகொட ஷட்டர்
ஜூலை 7

நானா சொல்லிய சரி. ஆனா 50ஐ விட 24 எஃப் 2.8 நல்லம் இல்லயா? அந்த ரொட்டி மாதிரித் தட்டை லென்ஸ். 125 கிராம், 16 சென்டிமீற்றர் கிட்டப் போயும் ஃபோகஸ் ஆகும். ஆறு மீற்றர் பின்னால போகவும் தேவையில்ல.

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஜூலை 7

நல்ல லென்ஸ் தம்பி, நானே வச்சிருந்தேன், மகள் எடுத்துட்டா. ஆனா கணக்கப் பாருங்க. 18-55ஐ 24ல வச்சா எஃப் 4 பக்கம் தொறக்கும். 4ல இருந்து 2.8க்கு வந்தா வெளிச்சம் ரெண்டு மடங்கு, அவ்வளவுதான். ரெண்டு மடங்குக்கு ஒரு லென்ஸ் விலையா, பத்து மடங்குக்கு ஒரு லென்ஸ் விலையா? சாப்பாட்டுக் கடை மேசையில எதிர்ல இருக்கிறவங்கள எடுக்கிறதுக்கு 24 தான் ராசா. மேடைக்கு 50.

தெஹிவளை மழை
ஜூலை 8

நான் லென்ஸைப் பற்றிக் கதைக்க வரேல்லை, கண்ணாடியில வேர்க்கிறதைப் பற்றிக் கதைக்க வந்தன்.

தங்கச்சி, அங்க ஹோட்டல் அறை ஏசியில குளிரா இருக்கும். காலமை கமராவை எடுத்துக்கொண்டு நேர வெளியில இறங்கினா, ஃப்ரிட்ஜில இருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி லென்ஸ் முழுக்கப் பனி பிடிக்கும். துடைச்சாத் திருப்பியும் பிடிக்கும். முதல் மணித்தியாலம் அப்பிடியே போகும். அறையை விட்டு வெளிக்கிட முந்தி ஸிப் போட்ட பொலித்தீன் பைக்குள்ள கமராவை வைச்சு மூடுங்கோ. வெளியில வந்து அரை மணித்தியாலம் பைக்குள்ளயே சூடேறட்டும், பிறகு திறவுங்கோ. ரெயினில போற நேரம் காணும் அதுக்கு. உள்ளுக்குள்ள ஷோ பாத்திட்டு வெளியில வரேக்கயும் இதே கதைதான்.

ஓகஸ்டில மழை குறைவு எண்டு சொல்லுவினம், நம்பாதேங்கோ. சுமாத்ரா பக்கத்தில இருந்து காத்தும் மழையுமா விடியக்காலமை, காலமை நேரங்களில அடிச்சுக்கொண்டு வரும். ஒரு மணித்தியாலத்தில போய்விடும், ஆனா நனைச்சுப்போட்டுத்தான் போகும். உங்கட கமராவோ அந்த லென்ஸுகளோ மழைக்கு அடைச்சுச் செய்தது இல்லை. தண்ணி ஷோவில முன் வரிசையில இருக்கவே வேண்டாம், வாளியால ஊத்துவினம். பகிடி இல்லை, அது ஷோவிலயே ஒரு பகுதி.

அங்க வாங்குறதைப் பற்றி: அங்க ஜிஎஸ்டி 9 வீதம். 100 சிங்கப்பூர் டொலருக்கு மேல வாங்கினா விமான நிலையத்தில திரும்ப எடுக்கலாம், சேவைக் கட்டணம் கொஞ்சம் பிடிப்பினம். கேட்க நல்லா இருக்கும். ஆனா வாரண்டி இஞ்ச செல்லுமா எண்டு வாங்க முந்திக் கேட்டு, எழுத்தில வாங்குங்கோ. அதோட புது லென்ஸை அண்டைக்கே முதல் முதலாப் பூட்டிக்கொண்டு பார்க்குக்குள்ள போறது, புதுச் செருப்போட நல்லூர்த் திருவிழாவுக்குப் போற மாதிரி.

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஜூலை 8

செருப்புக் கதை நூத்துக்கு நூறு. இங்கயே வாங்கி, இங்கயே பழகுங்க. ஆடிவேல் வருது. செட்டியார் தெருவுல இருந்து தேர் வெளிக்கிட்டு பம்பலப்பிட்டிக்கு வாற நேரம் காலி வீதியில ஒரு ஓரமா நில்லுங்க. இருட்டு இருக்கும், கலர் லைட் இருக்கும், ஆடுற ஆள் இருக்கும், கூட்டம் இடிக்கும், பிள்ளை "தூக்கு தூக்கு" என்று அழும். தீம் பார்க் இராத்திரிக்கு இதை விட ஒத்திகை கிடையாது.

செட்டிங்கும் சொல்லிடுறேன், வேற எதையும் தொடாதீங்க. கமரா டயல Tvல வைங்க, ஷட்டர நாமளே வைக்கிற மோட் அது. ஐஎஸ்ஓ, அதாவது கமரா வெளிச்சத்தக் கூட்டிக் காட்டுற அளவு, ஓட்டோ. பகல்ல பிள்ளைகள் ஓடுற இடம் 1/500. மேடை என்றா 1/250. இருட்டுல நிக்கிற ஆள் என்றா 1/125. அவ்வளவுதான், மிச்சத்த கமரா பாத்துக்கும். ஐஎஸ்ஓ 3200, 6400 போகுது என்று பதறாதீங்க. பொரி மாதிரிக் கொஞ்சம் குருணை வரும். குருணையோட மகன் முகம் இருக்கும். குருணை இல்லாத ஆவி உங்ககிட்ட ஏற்கனவே 60 இருக்கு.

லென்ஸ் முன்னுக்குக் கடைக்காரன் யூவி கண்ணாடி ஒண்டு மாட்டித் தந்திருந்தா இராத்திரியில கழட்டுங்க. கலர் பல்ப் ஒவ்வொண்டுக்கும் எதிர்ப் பக்கம் ஒரு பச்சை ஆவி வரும், அது இந்தக் கண்ணாடியோட வேலை.

பொழுது படுற நேரமும் மாறும். ஓகஸ்ட்ல இங்க ஆறரைக்குப் படுற சூரியன் அங்க ஏழே கால் ஆகும். சிங்கப்பூர் கடிகாரம் அது இருக்கிற இடத்துக்கு முன்னுக்கு ஓடுது. காலி முகத்திடல்ல ஆறு மணிக்கு வாற அந்த மஞ்சள் வெளிச்சம் அங்க ஏழு மணிக்குக் கிட்டத்தான். நாலரைக்கே களைச்சுப் போய் வெளிக்கிட்டுராதீங்க. மதியம் பிள்ளைகள நிழல்ல படுக்க வைங்க. மதிய வெயில்ல எடுத்தா கண்ணு ரெண்டும் குழி, மூக்கு மட்டும் வெள்ளை.

பிறகு ஒண்டு. மாமிய பைக்குக் காவல் வைக்காதீங்க.

ரெயில்பாதை வீடு, வெள்ளவத்தை
ஜூலை 12

அண்ணை, எண்ணினன். இருநூறு எண்டு தொடங்கி 240இல நிண்டிட்டன். 18இல 131. 55இல 38. மிச்சம் நடுவில. அந்த 38இல பாதி கொன்சர்ட், மிச்சம் தெஹிவளை ஸூவில யானை. அப்ப 70-300 போச்சு. மச்சானுக்குத் தாளைக் காட்டினன். "நீர் படம் எடுக்கத் தெரியாமல் கிட்டப் போய் எடுத்திருக்கிறீர்" எண்டிட்டுப் போறார்.

18இல 131 எண்டா எனக்கு வைட்தான் தேவை எண்டு வருதே அண்ணை, உங்கட கணக்குப்படி?

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஜூலை 12

பிடிச்சிட்டீங்க. என் கணக்குல நானே மாட்டிக்கிட்டேன்.

அந்த 131ஐயும் திருப்பிப் பாருங்க. எத்தன படத்துல ஓரம் வெட்டுப்பட்டு, "இன்னும் கொஞ்சம் பின்னால போக ஏலாமப் போச்சே" என்று நினைச்சீங்க? 18ல நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்டு, இடம் காணாது. மற்றது, கமராவத் தொறந்தா லென்ஸ் 18ல நிக்கும், நாம சூம் பண்ண மறந்துருவோம். எனக்குத் தெரிஞ்ச முக்கால்வாசி அம்மாமார் ரெண்டாவது சாதி.

ரெயில்பாதை வீடு, வெள்ளவத்தை
ஜூலை 13

ரெண்டாவது சாதி. வெட்டுப்பட்டது 9 தான், அதில 6 எங்கட வீட்டு பல்கனியில எடுத்தது. பல்கனியில பின்னால போறதெண்டா ரெயில் பாதையிலதான் விழவேணும்.

பழைய 50 ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், பாவிச்சது. எதைப் பாக்கவேணும்?

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஜூலை 13

டோர்ச் ஒண்டு கொண்டு போங்க. ரெண்டு பக்க மூடியையும் கழட்டிட்டு பின்னால இருந்து வெளிச்சத்தச் சரிவா அடிச்சு, முன்னால இருந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி, மரத்து வேர் மாதிரிக் கோடு தெரிஞ்சா அது பூஞ்சணம். கொழும்புக் கடல் காத்துல அலுமாரிக்குள்ள கிடந்த லென்ஸ்ல பாதிக்கு அது இருக்கும். விலை எவ்வளவு குறைச்சாலும் வேணாம். தூசி ரெண்டு மூணு இருந்தாப் பரவாயில்ல, படத்துல தெரியாது. உங்க கமராவுல மாட்டி, கிட்ட ஒண்டு, தூர ஒண்டு ஃபோகஸ் அடிச்சுப் பாருங்க. முன்னும் பின்னும் தேடிக்கிட்டே நிக்காம டக்கெண்டு பிடிக்கணும்.

ரெயில்பாதை வீடு, வெள்ளவத்தை
ஓகஸ்ட் 24

வந்திட்டம். சொல்லாமல் விட்டா நன்றி கெட்ட வேலை.

வேலுக்குப் போய் 50இல பழகினது நல்லதாப் போச்சு. முதல் அரை மணித்தியாலம் எல்லாம் மூக்கும் காதும்தான் வந்தது. பிறகு கால் தானாப் பின்னுக்குப் போகத் தொடங்கிட்டுது. ஒரு ஐயாவின்ர காலை மிதிச்சும் போட்டன்.

பார்க்கில பகல் முழுக்க 18-55தான். 1/500இல வைச்சது வைச்சபடி. காலமை பத்தரைக்கு மழை அடிச்சுது, தெஹிவளை அக்கா சொன்ன மாதிரியே. சொப்பிங் பையில ஓட்டை போட்டு ரப்பர் பாண்டால லென்ஸ் வாயில கட்டினன். பாக்கக் கேவலமா இருந்தது, ஆனா கமரா நனையேல்லை. மகள் மினியன்களைக் கண்டிட்டு மழைக்குள்ள ஓடினவ. அவவின்ர சட்டை ஒட்டிப்போய், ஒரு செருப்பு இல்லாமல், வாய் காது வரைக்கும். அது 18இல எடுத்தது. சூம் பண்ண மறந்துபோச்சு.

மத்தியானம் பிறகு உள்ளுக்குள்ள நடந்த ஷோவுக்கு 50 மாட்டினன். 1/250, ஐஎஸ்ஓ 2500. நாலாவது வரிசை. மேடையில ஆடினவையின்ர கண் இமை தெரியுது. அதை விட, எதிர் வரிசையில இருந்து மேடை வெளிச்சம் முகத்தில பட மகன் பாத்துக்கொண்டிருக்கிறதை ரெண்டு எடுத்தன். கொன்சர்ட் ராசாவுக்குப் பதில் அது சுவரில போகப் போகுது.

லொக்கரில கமராவைப் போட்டிட்டு மகனோட ரைட் ரெண்டில ஏறினன் அண்ணை. ரெண்டாவதுக்குப் பிறகு சத்தி எடுத்தன், அதைக் கட்டுரையில எழுதாதே எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். மாமி பைக்குக் காவல் இருக்கேல்லை. கூரை போட்ட வாசல் தெருவில காத்தாடிக்குக் கீழ இருந்து, ஒரு இந்தோனேசிய அம்மாவோட மொழியே தெரியாமல் ஒரு மணித்தியாலம் முழங்கால் வருத்தம் கதைச்சிருக்கிறா. ரெண்டு பேரையும் 50இல எடுத்தன். ஆறு மீற்றர் பின்னால போக இடம் இருந்தது.

ஒரே ஒரு பிழை. மாலையில லைட் போடேக்க பெட்டரி செத்துப்போச்சு. பகல் முழுக்க மகன் திரையைப் பாத்துப் பாத்து எடுத்திருக்கிறான். கடைசி இருபது நிமிசம் இவற்ற ஃபோனிலதான் எடுத்தது. பிளேன்டீ தம்பி சிரிக்கலாம்.

பிளேன்டீ
ஓகஸ்ட் 24

சிரிச்சாச்சு.

பழைய நெகட்டிவ், கொட்டாஞ்சேனை
ஓகஸ்ட் 25

ரெண்டாவது பெட்டரி சொல்ல மறந்தது என் பிழை தங்கச்சி. திரையப் பாத்து எடுத்தா பெட்டரி மூணுல ஒரு பங்குகூடத் தாங்காது. அடுத்த முறை ஒண்டு கூடுதலா வாங்கி, கைப் பையில கொண்டு போங்க. கூடுதல் பெட்டரிய பிளேன்ல கீழ போற பெட்டிக்குள்ள போட விடமாட்டாங்க.

இப்ப 50ஐ எங்க வச்சிருக்கீங்க? அரிசிப் பானைக்குள்ள என்று சொல்லிராதீங்க, தவிட்டுத் தூசி உள்ள போயிரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், கலர் மாறினா சூடாக்கித் திருப்பிப் போடலாம். ரெயில் பாதைக்கும் கடலுக்கும் அவ்வளவு கிட்ட இருந்துகிட்டு லென்ஸை அலுமாரியில விட்டா, அடுத்த வேலுக்குள்ள வேர் ஓடியிருக்கும்.

ரெயில்பாதை வீடு, வெள்ளவத்தை
ஓகஸ்ட் 25

அரிசிப் பானைக்குள்ளதான் வைச்சிருந்தன். எடுத்திட்டன்.